தரையோடு போகிற வாயு

சமையல் வாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்தப் பொருள் நிறமில்லாதது, கிட்டத்தட்ட மணமும் இல்லாதது. ‘கேஸ் மணக்குது’ என்று நாம் பதறும்போது மணப்பது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும் என்பதால் மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். தீப்பற்றுவதற்குத் தேவையான செறிவில் ஐந்தில் ஒரு பங்கை வாயு எட்டும்போதே வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அழுகிய முட்டை, கெட்டுப்போன முட்டைக்கோஸ், செத்த எலி என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அருவருப்பு வரவேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட மணம் அது.

இதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வீணாகும் வாயுவைச் செலவில்லாமல் இழுத்துப் பள்ளியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். மணமில்லாத அந்த வாயு தரைக்கு அடியில் சேர்ந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. தச்சுப் பயிற்சி அறையில் ஓர் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டதும் கட்டடம் எழும்பி விழுந்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். வாயுவில் நாற்றம் சேர்ப்பது அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் சட்டமானது. மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவியது. நம் அடுக்களையில் வரும் அந்த நாற்றத்தை முகம் சுளித்து ஏசுவதற்கு முன் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளலாம்.

மெர்காப்டனைப் பற்றி இன்னொரு செய்தி எனக்குப் பிடித்தமானது. அழுகும் பிணத்திலிருந்து கிளம்புவதும் அதே மணம் என்பதால், 1930-களில் கலிஃபோர்னியாவில் நெடுந்தூரக் குழாய்களில் எங்கே கசிவு என்று தேடிப் போன பணியாளர்கள், வான்கோழிக் கழுகுகள் எங்கே வட்டமிடுகின்றன என்று அண்ணாந்து பார்த்தார்களாம். திருவனந்தபுரத்தில் எங்கள் சாலைக் கம்போளத்தின் மீன்கடைகளுக்கு மேல் சுற்றுகிற கிருஷ்ணப் பருந்துக்கு அந்த மூக்கு கிடையாது. அது கண்ணால் வேட்டையாடுவது. ஆ. மாதவன் நாவலுக்குப் பெயர் கொடுத்த பறவை இந்த ஒரு காரியத்தில் நமக்கு உதவாது.

சாலையில் இந்த மணத்துக்கு உள்ள சிக்கல் வேறு. தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் ராஜா கேசவதாசர் உருவாக்கிய கடைத்தெரு இது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலத்தை நோக்கி நீள்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாலும் எந்த இடம் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். கொத்துவால் தெருவுக்குள் திரும்பினால் மிளகும் சுக்கும் வற்றல் மிளகாயும். கொஞ்சம் நகர்ந்தால் கருப்பட்டி, கொப்பரை, நல்லெண்ணெய். அப்புறம் வெற்றிலைக் கட்டுகளின் பச்சை மணம், ஈரச் சாக்கு, கருவாடு, தாழம்பூ, ஊதுவத்தி. இவற்றுக்கு நடுவே பெருங்காயம். பெருங்காயத்தின் நெடியும் கந்தகச் சேர்மங்களால் ஆனதுதான். பூண்டும் வெங்காயமும் அதே குடும்பம். இந்தக் குடோன்களின் பின்சுவரை ஒட்டி அடுக்களை வைத்திருப்பவர்களிடம் போய், கந்தக நெடி வந்தால் எச்சரிக்கையாயிருங்கள் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? அவர்கள் பிறந்த நாளிலிருந்து அந்த நெடிக்குள்தான் இருக்கிறார்கள்.

என் அத்தை ஒருத்தி அப்படித்தான் இருந்தாள். சபாபதி கோயில் தெருப் பக்கம், முன்னால் கடைகளுக்கு வாடகைக்கு விட்டு, பின்னால் குடியிருக்கிற வீடு. பிள்ளைகள் ஒருவன் துபாயில், ஒருத்தி பெங்களூரில். எடவப்பாதி மழைக்காலம், ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடந்த காலைநேரம். மூன்றாம் வீட்டு மருமகள் வந்து கதவை உள்ளங்கையால் அறைந்திருக்கிறாள்.

“ஆச்சி, ஒங்க வீட்டுல கேஸ் மணம் வருது. லைட்டு போடாதீங்க.”

“குடோன் தொறந்திருப்பாம் மக்கா, காயத்துக்க மணமாக்கும்.”

“காயம் இல்ல ஆச்சி. எங்க ஓடை வழியா வருது. நீங்க வெளிய வாங்க மொதல்ல.”

இந்தப் பேச்சை அத்தை பிற்பாடு பலரிடம் நடித்துக் காட்டினாள். நான் கவனித்தது அந்தப் பெண் அழைப்பு மணியை அழுத்தவில்லை என்பதை. மணிக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, அடுக்களைக்குப் போய் ரெகுலேட்டரின் குமிழை அடைத்து, பின்கதவையும் முற்றத்துக் கதவையும் திறந்துவிட்டிருக்கிறாள். சாமி அறையில் எண்ணெய் விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. அத்தை குளித்துவிட்டுத்தான் ஏற்றுவாள். பழைய வீடு என்பதால் மின்சார மீட்டரும் மெயினும் முன்நடையில், அடுக்களையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, மணம் எட்டாத இடத்தில் இருந்தன. அதை அணைத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ் ஓசை நின்றது. ஃப்ரிட்ஜைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நாம் ஒரு சுவிட்சையும் தொடாமல் நின்றாலும் அது தன் பாட்டுக்குத் தன்னை அணைத்துக்கொள்ளும், தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சிறு பொறி.

கடை முன்னால் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர் ஒருவர் பீடியைத் தூர எறிந்துவிட்டு வந்து, குற்றியைத் தோளில் தூக்கிச் சந்தில் கொண்டு வைத்தார். திருவனந்தபுரத்தில் சிலிண்டருக்குக் குற்றி என்றுதான் பெயர், தமிழ் வீடுகளிலும். ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றில் தொங்கும் அந்த வெள்ளை மூடியை வால்வின் மேல் அழுத்தியதும் சீறல் இல்லை என்று உறுதியானது. கசிவு வால்வில் இல்லை, டியூபில். பச்சை நிறப் பழைய ரப்பர் டியூபைச் சாலையின் எலிகள் கொறித்திருந்தன. அரிசிக் குடோன்களின் நடுவில் குடியிருப்பவர்களுக்கு எலி ஓர் அன்றாடம். உள்ளே கம்பிவலை வைத்துத் தயாரிக்கப்படும் செம்மஞ்சள் நிறச் சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. எலிப் பல்லுக்கும் அது கொஞ்சம் தாங்கும். அத்தையிடம் இருந்தது அதற்கு முந்தைய தலைமுறை.

நான் யோசித்துக்கொண்டே இருந்தது, அத்தை வீட்டு வாயு மூன்றாம் வீட்டில் எப்படி மணந்தது என்பதை. அதற்கு அந்த வீட்டைச் சொல்ல வேண்டும்.

சாலையின் பழைய வீடுகள் ஒரு கதவு அகலம், ஒரு தெரு நீளம். நடை, தார்சா, முற்றம், அடுக்களை, பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பக்கச்சுவர் பக்கத்து வீட்டுக்காரனோடு பொது. ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே பலகை மச்சு. இந்த வீட்டைக் கட்டிய கொத்தனுக்கும் தச்சனுக்கும் தெரிந்த நெருப்பு விறகு நெருப்பு. அதன் புகை மேலே போகும். ஆகவே அவர்கள் யோசித்ததெல்லாம் மேலே. அடுக்களையின் கூரையை உயர்த்தினார்கள், மச்சு போடாமல் விட்டார்கள், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி விட்டார்கள். புகை கூரையைக் கருப்பாக்கியபடி, உத்தரத்தில் கரையான் வராமல் காத்தபடி, ஓட்டு இடுக்கு வழியே வெளியேறியது. 1980-களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கொண்டுவந்த பரிஷத் அடுப்பும் இதே அறிவின் தொடர்ச்சிதான். புகைக்கு ஒரு குழாய் வைத்துக் கூரைக்கு மேலே அனுப்பியது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் மரத்தூள் அடுப்பும் கரியையும் நெடியையும் மேலேயே அனுப்பின. கீழே போகிற நெருப்பு ஒன்று இந்த வீட்டுக்குள் குடிவரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையில் இறங்கும். இறங்கித் தண்ணீர் போகிற வழியிலேயே போகும். பழைய வீட்டில் தண்ணீர் போகிற வழிகள் நிறைய உண்டு. அடுக்களையின் அங்கணம் தரையைவிடத் தாழ்ந்தது. முற்றம் அதைவிடத் தாழ்ந்தது. முற்றத்து மழைநீர் போவதற்கு ஓடை. அந்த ஓடை பொதுச்சுவருக்கு அடியால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஓடிச் சந்துச் சாக்கடையில் சேரும். மழைக்காக எவ்வளவு கவனமாகச் சாய்வு பார்த்துக் கட்டினார்களோ அவ்வளவு நேர்த்தியாக வாயுவும் போனது. நின்றுகொண்டு சமைக்கிற அத்தையின் மூக்கு ஐந்தடி உயரத்தில். மூன்றாம் வீட்டுப் பெண் ஓடைப் பக்கம் குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சிலிண்டரை வைக்கிற இடமும் அப்படித்தான். பழைய அடுக்களையில் அடுப்புத் திண்ணைக்கு அடியில் விறகு அடுக்கி வைக்க ஒரு பொந்து இருக்கும். கேஸ் வந்தபோது விறகு போன இடத்தில் குற்றியைத் தள்ளிவிட்டார்கள். முன்னால் துணித்திரை வேறு. அடுப்பு உயரத்தில், குற்றி தரையில், காற்றோட்டம் இல்லாத குழிக்குள். வெளிச்சத்துக்கு வராத இடத்தில் இருப்பதால் டியூபை யாரும் பார்ப்பதில்லை. சிலிண்டரின் கழுத்து வளையத்தைத் தாங்கும் பட்டையில் ‘ஏ, பி, சி, டி’ என்று ஓர் எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கமும் போட்டிருக்கும். அந்தக் காலாண்டுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும். அதையும் யாரும் குனிந்து படிப்பதில்லை.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்று ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் சேர்ந்தால் இந்த வாயு தீப்பற்றத் தயார். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அடுக்களைக்கு அரைக் கனமீட்டருக்குச் சற்று அதிகமான வாயு போதும். எடையில் அது ஒரு கிலோ சொச்சம். குற்றியில் இருப்பது 14.2 கிலோ. இந்தக் கணக்கு வாயு அறை முழுக்கச் சீராகக் கலந்தால் என்ற கணக்கு. அது கலப்பதில்லை. முழங்கால் அளவுக்குக் கீழே தேங்கி நிற்கிறது. அங்கே 2 சதவீதம் ஆவதற்கு ஒரு கிலோவே வேண்டியதில்லை.

பொதுச்சுவர் என்பதன் பொருள் என்ன என்று சேலம் கருங்கல்பட்டி 2021 நவம்பர் 23 அன்று பார்த்தது. விடிந்து சற்று நேரத்தில் ஒரு வீட்டில் கசிந்திருந்த வாயு வெடித்தது. நெருக்கமாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அடுத்தடுத்து இடிந்து விழுந்தன. இறந்த ஐந்து பேரில் பக்கத்து வீட்டில் குடியிருந்த தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரும் அவர் மனைவியும் உண்டு. அந்தத் தெருவில் வாயுவைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்து டியூபை அவர் எப்படிச் சோதித்திருக்க முடியும்?

கேரளத்தில் வாயு என்றால் ஜனங்கள் நினைப்பது டேங்கர்களை. 2009 டிசம்பர் 31 கருநாகப்பள்ளி புத்தன்தெருவு. 2012 ஆகஸ்ட் 27 கண்ணூருக்குப் பக்கத்தில் சாலா. இரண்டாவது ஊரின் பெயர் எங்கள் கடைத்தெருவின் பெயரோடு ஒத்துப்போவதால், அன்று நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பதறிப் பேசியவர்கள் உண்டு. சாலாவில் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் மோதிக் கவிழ்ந்த டேங்கரிலிருந்து வாயு இருபுறத்து வீடுகளை நோக்கிப் பரவி நெருப்பானது; 20 பேர் இறந்தார்கள். அங்கேயும் அது தரையோடுதான் போனது. 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் வாயுவோடு டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தபடி கசிவை அடைத்தார்கள். நெருப்பு வரவில்லை. நெருப்பு வராத செய்தியை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்; ஆனால் படிக்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. இந்தியாவில் 1906 என்ற எண், 2016 ஜனவரி 1 முதல், கசிவுக்கென்றே இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. சாலையில் கேட்டுப் பார்த்தால் 101 எல்லோருக்கும் தெரியும், 1906 அபூர்வமாகத் தெரியும்.

இலங்கையில் 2021-ன் கடைசி மாதங்களில் நடந்ததை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் நான் தொடர்ந்து படித்தேன். நாடு முழுக்க அடுக்களைகளில் வெடிப்புகள். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதத்தை மாற்றியிருந்தார்கள்; புரொப்பேன் கூடினால் உள்ளழுத்தம் கூடும். பழைய ரெகுலேட்டரும் பழைய டியூபும் அந்த அழுத்தத்துக்குப் பழகியவை அல்ல. அதே டிசம்பரில், போதிய மெர்காப்டன் சேர்க்கப்படவில்லை என்று ஒரு கப்பல் வாயுவை இறக்கவிடாமல் நிறுத்தினார்கள். மணம் குறைவு என்பதற்காக ஒரு கப்பலைத் திருப்புவது முதலில் வேடிக்கையாகத்தான் தோன்றும்.

ஆனால் அத்தையை நினைத்தால் வேடிக்கை இல்லை. அவள் குற்றியில் மெர்காப்டன் சரியாக இருந்தும் அவளுக்கு மணக்கவில்லை. அவளுக்கு எழுபது கடந்துவிட்டது. வயது கண்ணையும் காதையும் எடுப்பது ஊருக்குத் தெரியும், மூக்கை எடுப்பது யாருக்கும் தெரியாது. கண் மங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பிள்ளைகள் தயார். மூக்குக்கு மருத்துவரிடம் யார் போனார்கள்? போதாததற்குக் கோவிட். அது வந்து போனவர்களில் ஒரு பகுதியினருக்கு மணம் திரும்பவே இல்லை, அல்லது திரிந்து திரும்பியது. காப்பி மணக்கவில்லை என்று கொஞ்ச நாள் புலம்பிவிட்டு விட்டுவிட்டார்கள். நல்ல மூக்கும் ஒரே மணத்துக்குள் சில நிமிடம் நின்றால் அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். அடுக்களையிலேயே இருப்பவருக்குத் தெரியாமல், வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இளையவர்கள் கழக்கூட்டத்திலும் வளைகுடாவிலும் அடுக்ககங்களில். சாலையின் ஓட்டுவீடுகளில் வயதானவர்களும் அவர்களுடைய குற்றிகளும். மூக்கை நம்பி வடிவமைத்த ஒரு காவல் ஏற்பாடு, மூக்கு ஓய்ந்தவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அத்தையின் மகன் துபாயிலிருந்து ஓர் அலாரம் அனுப்பினான். சுவரில் மாட்டிக்கொள்வது; வாயு பட்டால் கத்தும். வந்து மாட்டிய எலக்ட்ரீஷியன் பையன் அதைக் கூரைக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில் அடித்துவிட்டுப் போனான். புகை அலாரம் என்று நினைத்தானோ என்னவோ. மூன்றாம் வீட்டுப் பெண்தான் அதைக் கழற்றித் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாற்றி வைக்கச் சொன்னாள். குற்றியும் பொந்திலிருந்து வெளியே வந்து பின்கதவுப் பக்கம் நிற்கிறது, செம்மஞ்சள் டியூபோடு. அத்தைக்கு அது கண்ணை உறுத்துகிறது. வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல அதைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறாள்.

இனி அடுத்தது குழாய் வாயு. திருவனந்தபுரத்தின் சில பகுதிகளில் அது வீடுகளுக்கு வந்தாயிற்று. ஒருநாள் சாலைக்கும் வரும் என்கிறார்கள். இந்தச் சந்துகளை எப்படித் தோண்டப்போகிறார்கள் என்பது வேறு கதை. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அதற்கும் மணம் கிடையாது, அதற்கும் மெர்காப்டனைத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அது காற்றில் பாதிக்குச் சற்றே அதிகமான கனம்தான். கசிந்தால் மேலே போகும். தீப்பற்றுவதற்கு 5 சதவீதம் வரை சேர வேண்டும். அதாவது, விறகுப் புகைக்கென்று கட்டிய அந்த உயர்ந்த அடுக்களைக்கூரையும் ஓட்டு இடுக்கும் மறுபடியும் பயனுக்கு வரும். கொத்தனும் தச்சனும் யோசித்தது கடைசியில் சரியாகப் போகும். அத்தையிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை மேலே பார்க்கச் சொன்னாள். மழை ஒழுகுகிறது என்று நான்கு வருடத்துக்கு முன்னால் ஓட்டை மாற்றித் தகரம் போட்டு, தூசி விழாமலிருக்க அடியில் பிளாஸ்டிக் சீலிங் அடித்திருக்கிறார்கள். முன்பக்க மச்சில் வாடகைக் கடைக்காரர் பொம்மைப் பெட்டிகளை உத்தரம் வரை அடுக்கியிருக்கிறார். மேலே போகிற வாயு முதலில் போய் நிற்கிற இடம் அதுதான். அலாரத்தை அப்போது மறுபடி கழற்றி, அந்தப் பையன் முதலில் அடித்த ஆணியிலேயே மாட்ட வேண்டியிருக்கும்.